மகனுக்கு ஒரு தொட்டி வெந்நீர்

"தண்ணி ஐஸாட்டம் இருக்கு" என்ற பேச்சை ஹற்றன் பக்கத்தில் எந்த வீட்டிலும் கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே குடியிருக்கிறோம். ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் காலை வேளையில் 18 பாகை செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். மார்கழி, தையில் அதற்கும் கீழே போய்விடும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வாளி ஊற்றிக்கொள்ளலாம். கைகால் இறுக்கமுள்ள ஒரு பிள்ளைக்கு அது முடியாது. குளிர் பட்டவுடன் தசைகள் இன்னும் இறுகிவிடும்.

என் மகனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குதிகால் நிலத்தில் படியாது. இளஞ்சூடான தண்ணீரில் உட்கார வைத்துக் காலை மெதுவாக நீட்டி மடக்கினால் இறுக்கம் தளரும் என்று இயன்மருத்துவர் சொன்னார். தண்ணீர் 33 பாகை அளவில் இருக்க வேண்டும், 20 நிமிடம், ஒன்றுவிட்டு ஒரு நாள். குதிகால் நரம்பு இப்படியே குறுகிக்கொண்டு போனால் பிறகு வெட்டி நீட்ட வேண்டி வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி காற்றடைக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடுவதற்கென்று விற்கிறார்களே, நாலு அடி அகலத்தில், அது. ஏழு அங்குல உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 200 லீற்றர் பிடிக்கும். தொட்டி வந்துவிட்டது. அதை எப்படிச் சூடாக்குவது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அலகு மின்சாரம் 86 லீற்றர் தண்ணீரை 10 பாகை உயர்த்தும். எந்த நிறுவனம் செய்த கொயிலானாலும் இந்தக் கணக்கு மாறாது. 200 லீற்றரை 18இலிருந்து 33 பாகைக்குக் கொண்டுவர மூன்றரை அலகு வேண்டும். மாதம் 15 தடவை என்றால் 52 அலகு. எங்கள் வீட்டின் மொத்தப் பாவனையே மாதம் 60 அலகுக்குள்தான். அந்த 60ஐத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறிய நாட்களை எந்தக் குடும்பப் பெண்ணும் மறந்திருக்கமாட்டாள். பின்னர் குறைந்தது உண்மை. ஆனாலும் மின்சாரத்தை நம்பி இதைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. காஸ் அடுப்பில் வைத்தால் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகும். இரண்டு மாதத்துக்கு வருகிற சிலிண்டர் பாதி நாளில் முடிந்துவிடும்.

செலவு ஒருபுறமிருக்க, தண்ணீருக்குள் வைக்கும் கொயிலைக் காற்றடைத்த தொட்டிக்குள் போடவே கூடாது. பிளாஸ்டிக்கில் பட்டால் உருகி ஓட்டையாகும். அதைவிட, பிள்ளை இருக்கும் தண்ணீரில் மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைக் காதிலும் போட்டுக்கொள்வதில்லை.

வழி கிடைத்தது எங்கள் ஊற்றுக் குழாயில்தான். மலையிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு அல்கத்தீன் குழாய் நிலத்தின் மேலேயே கிடக்கிறது. மத்தியானம் பைப்பைத் திறந்தால் முதல் வாளித் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு என்பது இங்குள்ள பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அதை வீணாக ஓடவிட்டுவிட்டு, குளிர்ந்தது வந்த பிறகு குடத்தை வைப்போம்!

குழாயை மாற்றியபோது கழற்றிய பழைய அரை அங்குலக் குழாய் 100 மீற்றர் அளவுக்குச் சுருட்டி வைத்திருந்தோம். அதைத் தகரக் கூரையின் மேல் நத்தைக் கூடுபோல் வட்டமாகப் பரப்பிக் கட்டினார் என் கணவர். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருள் கிடந்தால் மேலே உள்ளது கீழே உள்ளதற்கு நிழலாகிவிடும். ஒரு முனை பைப்பில், மறுமுனை தொட்டிக்கு மேலே. நூறு மீற்றரில் பிடிப்பது ஏறக்குறைய 18 லீற்றர்தான். நல்ல வெயிலில் 40 நிமிடத்தில் அது 40 பாகையைத் தாண்டிவிடும். பைப்பைத் திறந்து அதைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, மூடி, மறுபடி காத்திருக்க வேண்டும். காலை பத்து மணிக்கும் பின்னேரம் இரண்டுக்கும் இடையில் ஆறு தடவை. தொட்டிப்பக்க முனையை ஒருபோதும் அடைப்பதில்லை. சூட்டில் அழுத்தம் ஏறிக் குழாய் கழன்றுவிடும். பிள்ளை தொட்டிக்குள் இருக்கும்போது குழாயைத் திறப்பதும் இல்லை.

வந்த சூட்டைத் தக்கவைப்பதுதான் பெரிய வேலை. தண்ணீர் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரே ஒரு லீற்றர் ஆவியானால் அந்த 200 லீற்றரும் ஏறக்குறைய மூன்று பாகை குளிர்ந்துவிடும். மலைக்காற்று வீசும் இடத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் வெளிச்சம் ஊடுருவும் பொலித்தீனைத் தண்ணீரின் மேலேயே மிதக்கவிட்டு மூடுகிறேன். வெயில் உள்ளே போகும், ஆவி வெளியே வராது. ரீவி, பிரிட்ஜ் பெட்டிகளில் வரும் காற்றுக் குமிழிப் பொலித்தீன் கிடைத்தால் இன்னும் நல்லது. தொட்டியின் அடியில் மீன் கடையில் கேட்டு வாங்கிய ரெஜிபோம் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே பழைய பாய். சீமெந்துத் தரை குடிக்கிற சூடு கொஞ்சநஞ்சமில்லை.

இப்படிச் செய்தால் தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட வெயில் நாட்களில் விறகு ஒரு குச்சிகூடத் தேவைப்படுவதில்லை. மப்பான நாளில் தண்ணீர் 28 பாகை வரை வந்து நின்றுவிடும். அப்போது 15 லீற்றர் கொதிநீர் கலந்தால் போதும்.

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சூரியனைக் கண்ணால் காண்பதே அரிது. கூரைக் குழாய் சும்மா கிடக்கும். அப்போது தொட்டியை அடுப்படிக்குள் கொண்டுவந்து, நாலு அங்குலம் மட்டும் நிரப்புகிறேன். 120 லீற்றருக்குக் குறைவு. ஒரு பங்கு கொதிநீருக்கு நாலு பங்கு பச்சைத் தண்ணீர். அதற்கு ஒரு பெரிய பானை போதும். விறகுக்குக் கவ்வாத்து மிலாறு. காய்ந்த மிலாறு நன்றாக எரியும், ஈரமானது வீட்டை நிறைத்துப் புகையும். சித்திரையிலேயே கட்டிப் பரணில் ஏற்றிவிட வேண்டும். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், கொதிநீர் பிறகு. வெறும் தொட்டியில் கொதிநீரைக் கொட்டினால் ஒட்டுப்போட்ட இடங்கள் இளகிவிடும். கலக்கிவிட்டு வெப்பமானியில் பார்த்து, முழங்கையையும் வைத்துப் பார்த்த பிறகே பிள்ளையை இறக்குவேன். இறக்கியபின் அடுப்பில் கறி தீய்ந்தாலும் எழுந்து போவதில்லை. இரண்டு அங்குலத் தண்ணீரும் பிள்ளையின் மூச்சை நிறுத்தப் போதும்.

"ஏம்மா, இந்த மழைக்குள்ள புள்ளயத் தண்ணியில ஊற வைக்கிறியே, சளி புடிக்காதா?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது துவாயை அடுப்புக்கு மேலே கட்டிச் சூடாக்கி வைப்பவரும் அவர்தான்.

பாவித்த தண்ணீரை அடுத்த தடவைக்கு வைத்திருக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். குளோரின் போடாத வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி பெருகும். தேங்கவிட்டால் டெங்கு நுளம்புக்கும் நாமே தொட்டில் கட்டிக்கொடுத்ததாகும். அன்றைக்கே உடுப்புத் துவைத்து, மீதியை லீக்ஸ் பாத்திக்கு விட்டுவிடுகிறேன்.

இது மருந்தல்ல. மகன் எழுந்து நடக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள் பத்து நிமிடம் போனபின் முழங்கால்கள் பிரிந்து நிற்கின்றன. முன்பு இரண்டு பேர் பிடித்து மாட்டிய காற்சட்டையை இப்போது நான் ஒருத்தியே மாட்டிவிடுகிறேன். சென்ற மாதக் கிளினிக்கில் இயன்மருத்துவர் கணுக்காலை அளந்து பார்த்து, வெட்டுவதைப் பற்றித் தை மாதம் பேசலாம் என்று தவணை போட்டிருக்கிறார். அதுவரை பரணில் உள்ள மிலாறு வருமா என்று பார்க்க வேண்டும்.