எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒருவர்

தமிழ்த்துறை மலருக்கு விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் என்னை வியப்போடு நோக்கினார். "இலக்கியத்தில் இல்லாத பொருளா?" என்று கேட்டார். உண்டு என்றேன். பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளுக்கு நடுவே படைக்கலம் செய்து தரும் கொல்லனின் கடமையும் பேசப்படுகிறது. போர்க்களத்தில் அந்தக் கொல்லனைக் காண முடியாது. நான் எழுத விரும்புவது அவனையொத்த ஒருவரைப் பற்றித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திற்குத் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். 2016 இல் அத்தொடர் தொடங்கிய பின்னர், தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருந்த ஆட்டக்காரர்களை எங்கள் திண்டுக்கல் சீமையின் மக்கள் நேரில் காணும் வாய்ப்புப் பெற்றனர். ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சிறுமலைத் தொடரின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டருகே ஒற்றை ஸ்டம்பை நட்டுப் பந்துவீச்சாளர்கள் மூவர் மாறி மாறி வீசிக்கொண்டிருந்தனர். ஸ்டம்பின் பின்னே ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நின்றிருந்தார். அவருடைய இடக்கையில் அகன்ற தோலுறை ஒன்று. பந்து அதில் வந்து விழும். எடுத்துத் திருப்பி எறிவார். ஓரிரு சொற்கள் சொல்வார். மீண்டும் குனிந்து நிற்பார்.

என் பின்னாலிருந்த சிறுவன், "அத்தா, அவர் யார்?" என்று கேட்டான். "யாரோ தெரியவில்லை. ஆட்டக்காரர் இல்லை" என்றார் தந்தை. அத்துடன் அப்பேச்சு முடிந்தது. எனக்கு மட்டும் அந்தத் தோலுறையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அவ்வுறை கிரிக்கெட்டுக்குரியதன்று. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. அவ்வாட்டத்தில் பந்தெறிபவரை ஆட்டத்தின் நடுவே மாற்றலாம். ஆனால் வெளியேறியவர் அன்று மீண்டும் களமிறங்க முடியாது. ஆதலால் அடுத்து எறியவேண்டியவர்கள் மைதானத்தின் ஓரத்தில், வேலியடைத்த ஓரிடத்தில் காத்திருப்பர். அவ்விடத்திற்குப் 'புல்பென்' என்று பெயர். நேர்ப்பொருள் கொண்டால், காளைகளை அடைத்து வைக்கும் பட்டி! சல்லிக்கட்டு நடக்கும் நத்தம் பகுதியில் அமர்ந்து இதனை எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காளையை ஆண்டு முழுதும் வளர்த்து, வாடிவாசலில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு ஓடுகிறானே ஒருவன், அவனுக்கும் புல்பென் பயிற்சியாளருக்கும் தொலைவு அதிகமில்லை.

அவர் வேலை என்ன? தலைமைப் பயிற்சியாளரிடமிருந்து தொலைபேசி வரும். இன்னாரை ஆயத்தப்படுத்து என்பார். இவர் அவரை எழுப்பி, மெல்ல எறியச் செய்து, தோளைச் சூடேற்றவேண்டும். மிகக் குறைவாக எறிந்தால் கை இளகாது. மிகுதியாக எறிந்தால் களத்துக்குப் போகுமுன்னரே வலு தீர்ந்துவிடும். சில நாட்களில் ஆயத்தமானவர் அழைக்கப்படாமலே அமர நேரும். அன்று அவருடைய மனத்தையும் இவரே ஆற்றவேண்டும். பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர்களே இப்பணிக்கு வருவர். சிறு நகரங்களின் கீழ்நிலை அணிகளில் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே இந்த வேலியடைத்த இடம் கிட்டும்.

டெரெக் லில்லிக்விஸ்ட் என்பவரின் வாழ்க்கை அப்படிப்பட்டது. 1989 முதல் 1996 வரை பெரிய அணிகளில் எறிந்தவர். 2011 இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் புல்பென் பயிற்சியாளர். அவ்வாண்டு அக்டோபர் 24 ஆம் நாள், உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், மேலாளர் டோனி லா ரூசா தொலைபேசியில் இருவரை ஆயத்தப்படுத்தச் சொன்னார். டெக்சஸ் ரசிகர்களின் ஆரவாரத்தில் ஒருவர் பெயர் மட்டுமே இவர் காதில் விழுந்தது. மறுமுறை 'மோட்' என்று சொன்னது 'லின்' என்று கேட்டது. அழைக்கப்படாத லின் களத்துக்குள் ஓடி வந்தார்! கார்டினல்ஸ் 4-2 என்று தோற்றது. பின்னர் ஏழாம் ஆட்டத்தில் தொடரையே வென்றுவிட்டது என்பது வேறு செய்தி. ஆனால் பாருங்கள், எத்தனையோ ஆட்டங்களில் சரியானவரைச் சரியான நேரத்தில் அனுப்பிய மனிதரின் பெயரை உலகம் பேசியது, ஒரு பெயர் காதில் விழாத நாளில்தான்.

நம் நாட்டில் இப்பணிக்கு ஒரு நிலையான இடம் அமைந்தது சென்னையில். 1987 இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேகப்பந்துவீச்சுப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்தது. வேகப்பந்துவீச்சாளராகும் கனவோடு அங்குச் சென்ற சச்சின் டெண்டுல்கரை மட்டையிலேயே கவனம் செலுத்தச் சொல்லி அனுப்பியவர் லில்லிதான். அவருடன் நின்று ஆண்டு முழுதும் இளைஞர்களைப் பழக்கியவர் தமிழகத்தின் டி.ஏ.சேகர். இந்தியாவுக்காக இரண்டே டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர். அவற்றில் ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. ஜாகீர் கான் போன்றோர் பின்னாளில் குவித்த விக்கெட்டுகளில் சேகரின் பங்கு எந்த ஏட்டிலும் எண்ணாகப் பதிவாகாது.

பரத் அருணின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1986-87 பருவத்தில் இலங்கைக்கு எதிராக இரண்டு டெஸ்ட், நான்கு விக்கெட். 1987-88 இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியிலும் இருந்தார். அதன் பின் நீண்ட பயிற்சியாளர் வாழ்க்கை. 2012 இல் இளையோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் பயிற்சியாளர் அவரே. பும்ராவின் விந்தையான வீச்சு முறையைத் திருத்த முற்படாமல், அதைத் தாங்கும்படி உடலை வலுப்படுத்தச் சொன்னவர்களுள் ஒருவர். கற்பிப்பவர்க்கு, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது அரிய கல்வி என்பேன்.

2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அவருக்குச் சோதனை வந்தது. பும்ரா, அஷ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் அனைவரும் காயமுற்றிருந்தனர். வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காகச் சென்றிருந்த சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் அங்கே முதல் டெஸ்ட் ஆடினர்; முதல் இன்னிங்சில் ஆளுக்கு மூன்று விக்கெட் வீழ்த்தினர். தந்தை இறந்த செய்தியை அப்பயணத்தின்போதே கேட்டும் நாடு திரும்பாமல் அணியுடன் தங்கிவிட்ட சிராஜ், இரண்டாம் இன்னிங்சில் ஐந்து பேரை வீழ்த்தினார். ஹைதராபாத் அணியில் அவரைப் பழக்கியவர் பரத் அருண். 1988 க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்றறியாத அம்மைதானத்தில் இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பட்டியிலிருந்த காளைகள் அனைத்தும் அன்று வெளியே வந்துவிட்டன.

இனி என் கதை. எண்பதுகளின் இறுதியில் நானும் கல்லூரி அணியில் வேகப்பந்து வீசினேன். வேகம் என்பது என் கணக்கு. எதிரணியினர் வேறு கணக்கு வைத்திருந்தனர். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்களைப் பழக்கினார். தென்னைநார் விரிப்பின் மறுமுனையில், கிழிந்த கையுறையோடு மாலைதோறும் நின்று பந்தைப் பிடிப்பார். மக்ரிபுக்குப் பாங்கு ஒலிக்கும் வரை பயிற்சி நடக்கும். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் அரையிறுதி நாளன்று காலை அவர் முன்னிலையில் ஆறு பந்துகள் வீசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அணித்தலைவரிடம் சென்று ஏதோ பேசினார். அன்று முழுதும் எனக்கு ஓர் ஓவர்கூடத் தரப்படவில்லை. நாங்கள் தோற்றோம்.

அவர் வேறொருவனுக்காக என்னை ஒதுக்கிவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவருக்குச் சலாம் சொல்வதையும் நிறுத்தினேன். மறு ஆண்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் அமர்ந்துவிட்டேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், கீழ் முதுகெலும்பில் ஓரளவு ஆறிய பழைய விரிசல் ஒன்று உள்ளது என்றார். வேகமாகப் பந்து வீசியதுண்டா என்றும் கேட்டார். முதுகுவலியை அணியில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பின்பு ஒருநாள் அணித்தலைவனைக் கண்டபோதுதான் அன்று நடந்த பேச்சைக் கேட்டறிந்தேன். "அவன் இடது கால் இன்று வெளியே விழுகிறது. முதுகு வலிக்கிறது, மறைக்கிறான். பந்தைக் கொடுக்காதே" என்றாராம்.

அறிந்த பின்னும் நான் அவரைத் தேடிச் செல்லவில்லை. வெட்கம் முதலில், பிறகு வேலை, குடும்பம் என்று வழக்கமான சாக்குகள். இப்படியே ஆண்டுகள் கழிந்தன.

நத்தத்தில் அந்தத் தோலுறையைக் கண்ட மறு வாரம், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். பேகம்பூர்ப் பக்கம் குறுகிய சந்து. வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய உடல், பார்வை மங்கியிருந்தது. என் பெயரைச் சொல்லவேண்டியிருக்கும், எந்த ஆண்டு மாணவன் என்று விளக்கவேண்டியிருக்கும் என்றெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டே சந்தில் நடந்தேன். நான் சலாம் சொல்ல வாயெடுக்குமுன் அவர் கையை நெற்றிக்கு மேல் குடையாய்ப் பிடித்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இடது காலை இன்னும் வெளியேதான் வைக்கிறாய்" என்றார். "முதுகு எப்படி இருக்கிறது?"