பை சுமந்த கண்

பந்து எங்கே போய் விழுகிறது என்று அவர் பார்ப்பதே இல்லை.

பெங்களூருவில் ஒரு கோல்ஃப் டிரைவிங் ரேஞ்ச், வெயில் ஏறாத காலை. ஐ.டி. நிறுவன மேலாளர் ஒருவர் செவன் அயர்னை வீசினார். நேராகக் கிளம்புவதாகப் போக்குக் காட்டிய பந்து வலப்பக்கம் வளைந்து வேலியோரம் விழுந்தது. மேலாளரும் நானும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். புரோவின் பார்வை மட்டும் மேலாளரின் ஷூவில் இருந்தது. பயிற்சியாளரை இங்கே புரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, அடுத்த பந்தில் கிளப் படும் பக்கமாக ஒரு பொட்டு வைத்தார். "இப்ப அடிங்க சார்." அடித்ததும் கிளப்பை வாங்கித் திருப்பிக் காட்டினார். நீல மை கிளப் முகத்தின் நடுவில் இல்லை. தண்டு சேரும் ஓரத்தை ஒட்டிப் பதிந்திருந்தது. "அடிக்கிற நேரத்துல முன்னால சாயறீங்க. வெயிட்டு கால் விரலுக்குப் போயிடுது. பாதத்து நடுவுல வெச்சுக்குங்க." அந்த ஒரு மணி நேர வகுப்பில் அவர் திருத்தியது அது ஒன்றைத்தான். மேலாளரின் பிடியும் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. கேட்டேன். "அது அடுத்த வாரம் சார். ரெண்டையும் இன்னைக்கே சொன்னா ரெண்டும் நிக்காது."

இந்தப் புரோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு கோல்ஃப் கேடியாக வந்தவர். தமிழ்க் குடும்பம். மற்றவர்களின் பையைச் சுமந்து, கேடிகளுக்கு அனுமதி உள்ள நேரத்தில் இரவல் கிளப்பில் ஆடி, புரோ ஆனார். இந்தியாவில் இது புது வழி இல்லை. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், தில்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை பிளே ஆஃபில் வென்ற முனியப்பா, பெங்களூரு கேடி. கொல்கத்தா வீரர் சௌரசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர்.

பெயர் வாங்கியவர்களின் கதை இது. மற்றவர்களுக்கு 'கட்' என்று ஒன்று இருக்கிறது. நான்கு நாள் போட்டியில் இரண்டாம் நாள் முடிந்ததும், பட்டியலில் கீழே இருப்பவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். பரிசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வராது. நுழைவுக் கட்டணம், ரயில், லாட்ஜ், கேடி கூலி எல்லாம் கைக்காசு. "ஒரு ஸ்ட்ரோக்குல கட் தவறிட்டு ஸ்லீப்பர்ல திரும்பி வந்திருக்கேன் சார். அந்த ஒரு ஸ்ட்ரோக்கையே ராத்திரி பூரா மனசுல அடிச்சுட்டிருப்பேன்." முதுகும் படுத்த ஆரம்பித்த பிறகு, சான்றிதழ்ப் படிப்பை முடித்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார்.

முதலில் சொல்லிக்கொடுத்ததில் பாதி தப்பு என்கிறார். கிளப் வீசும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் பலரும் சொன்னார்கள், இவரும் சொன்னார். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதே ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம், கண்ணுக்குச் சிக்காது. ரேடார் கருவிகள் வந்த பிறகுதான், முகம் பார்க்கும் திசையில்தான் பந்து பெரும்பாலும் கிளம்புகிறது, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை வளைக்கிறது என்று தெளிவானது. பழைய மாணவர்கள் சிலரைக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லிக்கொடுத்தாராம், காசு வாங்காமல்.

நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று கிளப்காரர்கள் நம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டக்காரருக்குத் தன் உடம்பு மட்டும் தெரிந்தால் போதும். கேடிக்கு அது ஆகாது. எந்த சார் எட்டாம் ஹோலில் களைப்பார், எவர் தண்ணீரைக் கண்டால் பிடியை இறுக்குவார் என்று தெரியாமல் சரியான கிளப்பை எடுத்து நீட்ட முடியாது. இந்தப் புரோவின் கண் போட்டிகளில் வாய்த்தது அல்ல, பை சுமந்தபோது வாய்த்தது.

வருமானம் மணிக்கணக்கு. அதில் ரேஞ்சுக்கும் பங்கு உண்டு. மழை பெய்தால் வகுப்பு ரத்து. இன்னொன்றும் இருக்கிறது: காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாலே அமெச்சூர் தகுதி போய்விடும் என்பது விதி. அதனால் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோப்பை ஜெயித்துவிட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் அமெச்சூர் போட்டிகளில் இவர் பெயர் கொடுக்க முடியாது. புரோக்களின் போட்டிக்கு முதுகு விடாது.

திங்கட்கிழமை மைதானப் பராமரிப்பு நாள். அன்று கேடிப் பையன்கள் ஆடிக்கொள்ளலாம். இவரும் போய் நிற்பார், கட்டணம் கிடையாது. நான் போன திங்களன்று மெலிந்த பையன் ஒருவன் வந்து தன் ஸ்விங்கைப் பார்க்கச் சொன்னான்.

"அது இருக்கட்டும். நேத்து யாருக்குப் பை தூக்கினே? அவர் ஸ்விங் எப்படி?"

பையன் யோசிக்கவே இல்லை. "பன்னெண்டாவது ஹோல் வரைக்கும் சரியா இருக்கு சார். அதுக்கப்புறம் இடது முட்டி மடங்கிடுது. முகம் திறந்துக்குது, எல்லாம் வலது பக்கம் போகுது."

"அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் எங்க சார் கேட்டாரு?"