சிட்சையும் மீட்பும்

பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வோர்க்குத் தமிழொலி எத்துணை இனிது என்பதை அன்பர்களுக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வினிமையே ஒருமுறை எங்களை இடறச் செய்தது.

நாங்கள் நாகபுரிக்கு வந்த இரண்டாம் ஆண்டு. எங்கள் மகன் டைபாயிடு காய்ச்சலில் படுத்திருந்தான். மருத்துவர் 14 நாள் மருந்து கொடுத்திருந்தார். ஆறாம் நாள் காய்ச்சல் தணியத் தொடங்கியபொழுது, ஊழியக்காரர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் எங்கள் வாயிலில் வந்து நின்றார். நாவிலே நெல்லைத் தமிழ், கையிலே வேதப்புத்தகம். வேறென்ன வேண்டும்? உள்ளே அழைத்து உணவிட்டோம். உண்டபின் அவர் மொழிந்தது யாதெனில், பிள்ளையின் நோய் பெற்றோரின் மறைந்த பாவத்துக்குக் கர்த்தர் விதித்த சிட்சை. மருந்து உண்பது அவிசுவாசம். விலையுயர்ந்த ஒன்றைக் காணிக்கையாக்கினால் மீட்பு உண்டு என்பதே.

அஞ்சிய உள்ளம் ஆராய்வதில்லை. வீட்டிலிருந்த ஒரு சோடி வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தோம், மருந்தையும் நிறுத்தினோம். மூன்றாம் நாள் காய்ச்சல் முன்னிலும் கடுமையாய் ஏறிற்று. அவரைத் தேடினோம், ஊரைவிட்டே போயிருந்தார். மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டு மருந்தை மீண்டும் தொடங்கினார். பிள்ளை பிழைத்தான்.

அவன் படுக்கையருகே விழித்திருந்த இரவுகளில், அம்மனிதர் எடுத்துக்காட்டிய எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தோம். ஒரு வசனத்தைக் காட்டி மற்றவற்றை அவர் மறைத்துவிட்டார். அங்கே சிட்சிப்பவர் தகப்பன். சிட்சிக்கப்படுபவன் சொந்தப் பிள்ளை. மூலமாகிய 'பைதேயா' என்னும் கிரேக்கச் சொல்லும் பிள்ளையை வளர்த்துப் பயிற்றுவதையே குறிக்கும்.

எல்லாத் துன்பமும் குற்றத்தின் கூலி என்பதும் வேதத்தின் போதனை அன்று. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா எனச் சீடர் வினவியபொழுது, இரண்டும் அன்று என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் பிறரினும் பெரும் பாவிகள் அல்லர் என்றே உணர்த்தினார். யோபுவின் துன்பத்தைக் காட்டி அவன்மேல் குற்றம் சாட்டினர் அவன் நண்பர் மூவர். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது அவர்களையே.

வளையலை மீட்க எங்களுக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. அடகுப் பொருள் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளாது. உரியவன் விலை கொடுத்தாக வேண்டும். ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்ட 'மீட்பு' என்னும் சொல்லின் பொருள் அந்தக் கடைப்படியில் நின்றபொழுதே எங்களுக்கு விளங்கிற்று. கிறிஸ்து ஒரே தரம் விலை கொடுத்துத் தீர்த்தார் என்பது எங்கள் விசுவாசம். தீர்ந்த கடனுக்கு மறுபடியும் வட்டி கேட்டு வருபவன் கள்ளப்போதகன் அன்றி வேறு யார்?

பெரோயா பட்டணத்தார், பவுல் கூறியதையும் வேதவாக்கியங்களோடு நாள்தோறும் ஒத்துப்பார்த்தனர். அதனைக் குறையாகக் கூறாது, நற்குணமாகவே போற்றுகிறது அப்போஸ்தலர் நடபடிகள். 13 வசனமே உடைய யோவானின் இரண்டாம் நிருபம், ஓர் அம்மாளையும் அவள் பிள்ளைகளையும் விளித்து, மாறான உபதேசத்தோடு வருபவனை வீட்டில் ஏற்காதிருக்கும்படி எச்சரிக்கிறது. 1715ஆம் ஆண்டிலேயே சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். வீட்டார் தாமே வாசித்துத் தெளிவதற்கன்றோ அத்துணைப் பாடும்?

அந்த நோய் சிட்சையா என நாங்கள் தீர்ப்புக் கூறத் துணியோம். ஆயினும் எங்கள் அறியாமையை எங்களுக்கே காட்டிய அவ்விரவுகளை அப்பெயரால் அழைக்க மனம் இசைகின்றது.

தமிழ் பேசி வருவோர்க்கு இன்றும் எங்கள் வீட்டில் உணவு உண்டு. உபதேசிக்க வருவோரிடம் மட்டும் வேதப்புத்தகத்தை நீட்டி, "ஐயா, அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்" என்கிறோம்.