ஜவ்வாது மலையில் ஓர் அரிக்கேன் இரவு!

இப்போதெல்லாம் எந்த மலைப்பகுதி ரிசார்ட்டுக்குப் போனாலும் வாசலில் வரிசையாக அரிக்கேன் விளக்குகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே பேட்டரியில் எரியும் எல்இடி பல்பு. சுடர் ஆடுவதுபோலவே அது மினுக்கும். புகை கிடையாது, வாடை கிடையாது, கண்ணாடி துடைக்கிற வேலையும் கிடையாது. போட்டோவுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நிஜமான அரிக்கேனை ஏற்றி, அந்த வெளிச்சத்தை மட்டும் நம்பி ஓர் இரவைக் கழிப்பது வேறு விஷயம். போன ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்த சனி, ஞாயிறில் ஜவ்வாது மலையில் அப்படித் தங்கினோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், கூடவே என் அம்மா.

அறுபத்தேழு வயதில் அம்மா வரச் சம்மதித்ததே பெரிய விஷயம். டெண்ட், தரையில் படுக்கை, விறகடுப்பு என எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டார். பரணிலிருந்து அந்த விளக்கை இறக்கியபோதுதான் முகம் மாறியது.

"அத எதுக்குடி எடுக்கற? பழைய இரும்புக்குப் போட்டுடுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்!"

அது அம்மாவின் பிறந்த வீட்டு விளக்கு. செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்துக்குப் பிறகு வீட்டைப் பிரித்தபோது எங்களிடம் வந்த நாலைந்து சாமான்களில் அதுவும் ஒன்று. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனசில்லை. பல வருடங்களாகப் பரணில் கிடந்தது.

"நாங்க கரண்டு எப்ப வரும்னு காத்துக் கெடந்தோம். நீங்க காசு குடுத்துக் கரண்டு இல்லாத எடமா தேடிப் போறீங்க" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? விளக்கைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

விளக்கு இருந்தால் மட்டும் போதாதே, எண்ணெய் வேண்டும். எங்கள் குடும்ப அட்டையில் மண்ணெண்ணெய் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. நீல நிறத்தில், பிளாஸ்டிக் கேனும் புனலுமாக வரிசையில் நின்று வாங்கிய அந்த எண்ணெயை என் மகள் பார்த்ததே இல்லை. "வீட்ல இருக்கிற நல்லெண்ணெயை ஊத்தினா என்ன?" என்று கணவர் கேட்க, அம்மா முதன்முறையாகச் சிரித்தார். அகல் விளக்கில் சுடர் எண்ணெயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் ஒரு நகக்கண் அளவு ஏறினால் போதும். அரிக்கேனில் அது அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து சில அங்குலம் மேலே ஏறியாக வேண்டும். நல்லெண்ணெயின் கனத்துக்கு அது முடியாது. திரிதான் கருகும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபினும் அதே கதைதான். விளக்குகளுக்கென்றே விற்கும் மெல்லிய பாரஃபின் எண்ணெயை ஆன்லைனில் ஒரு லிட்டர் வாங்கினோம். பெட்ரோல் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தீக்குச்சி திரியைத் தொடும் முன்பே அதன் ஆவி பற்றிக்கொள்ளும்.

நாடாத் திரி பாரிமுனையில் கிடைத்தது. புதுத் திரியைப் போட்டதும் ஏற்றிவிடக் கூடாது என்று அம்மா சொன்னார். அரை மணி நேரமாவது எண்ணெயில் ஊற வேண்டும். நுனியைக் கத்தரித்து, இரண்டு முனைகளையும் லேசாக மழுக்கிவிட வேண்டும். அப்போதுதான் சுடர் கொம்பு முளைக்காமல் உள்ளங்கைபோல விரிந்து நிற்கும். கண்ணாடியில் கரியும் பிடிக்காது. எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால், எதையும் விட்டுவிடாமல் சொன்னார்.

'ஹரிகேன்' என்றால் சூறாவளி. அதுதான் நம் வாயில் அரிக்கேன் ஆனது. சில ஊர்களில் லாந்தர், சில ஊர்களில் ராந்தல். சூறாவளிப் பெயர் சும்மா வைத்ததில்லை. விளக்கின் இரண்டு பக்கமும் கைகள் மாதிரி இரண்டு குழாய்கள் இருக்கின்றனவே, அவை தூக்கிப் பிடிப்பதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அவை அதன் மூக்கு. சுடரின் சூட்டில் காற்று மேலே போய் வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று இரண்டு குழாய்களின் வழியாகக் கீழே இறங்கிச் சுடருக்குப் போய்ச் சேரும். வெளியே எவ்வளவு காற்றடித்தாலும் உள்ளே நேராகப் பாயாது. ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் 1860-களின் கடைசியிலும் 1870-களிலும் படிப்படியாகச் செய்த ஏற்பாடு இது. டீட்ஸ் நிறுவனம் அதை வைத்து உலகம் முழுக்க விளக்கு விற்றது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் ஓகலேவாடியில் தயாரான 'பிரபாகர்' விளக்குகளும் பெயர் பெற்றவை. மின்சாரம், பேட்டரி, நகரும் பாகம் எதுவும் இல்லாமல் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் ஒரு தகரக் கூடு! எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பெட்ரோமாக்ஸ் வேறு ஜாதி. பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் உருவாக்கியது. பெயரில் இருக்கும் 'மாக்ஸ்' அவர்தான். காற்றடித்து, எண்ணெயை ஆவியாக்கி, மேன்டிலை ஒளிர வைக்கும் விளக்கு அது. ஒரு தடவை எரிந்த மேன்டில் வெறும் சாம்பல் வலைதான், விரல் பட்டால் போச்சு. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியிடம் செந்தில் ஏன் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது இப்போது புரிகிறதா? கல்யாணத்துக்கும் கூத்துக்கும் அது. வீட்டுக்கு அரிக்கேன்.

கிளம்பும் முன் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் டெண்ட் அடிக்கவோ நெருப்பு மூட்டவோ முடியாது. அது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாங்கள் தங்கியது ஜமுனாமரத்தூர் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் பட்டா நிலத்தில். சாமை அறுத்து முடித்த வெற்று நிலம், ஓரத்தில் அவர்கள் வீடு. புளிய மரத்தடியில் டெண்ட் போடலாம் என்று கணவர் சொன்னதும், "ராத்திரியில புளிய மரத்தடியிலயா?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டார். பலா மரத்தடிக்கு மாறினோம். அங்கேயும் சருகையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு, விளக்கு வைக்க ஒரு தட்டையான கல்லைத் தேடிப் போட்டார்.

ஐந்தரை மணிக்கு வேலை தொடங்கியது. சீக்கிரம் ஏன் என்று மகள் கேட்டாள். இருட்டின பிறகு எண்ணெய் ஊற்றக் கூடாது, எரியும்போதும் சூடாக இருக்கும்போதும் ஊற்றவே கூடாது. தொட்டியில் முக்கால் பாகம்தான். சிந்தியதைத் துடைத்துவிட்டு, அந்தத் துணியைத் தூரமாகப் போட வேண்டும். ஏற்றியதும் திரியைத் தாழ்த்தியே வைத்து, கண்ணாடி சூடேறிய பிறகுதான் மெல்ல உயர்த்த வேண்டும். சூடான கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல்தான். அம்மாவின் முழங்கைக்குக் கீழே ஒரு பிறை வடிவத் தழும்பு உண்டு. இத்தனை நாள் அடுப்பில் சுட்டது என்றே நினைத்திருந்தேன். "இந்தக் கண்ணாடிதான். பத்து வயசுல" என்றார். சொல்லிக்கொண்டே திரியைத் திருகினார். கை பழகின கையாகத்தான் இருந்தது.

மலையில் இருட்டு மெதுவாக வராது. ஆறரைக்கெல்லாம் எதிரே இருந்த குன்று காணாமல் போய்விட்டது. போன்களை அணைத்துப் பையில் போட்டோம். விளக்கைச் சுற்றி ஏழெட்டு அடிக்கு மஞ்சள் வட்டம். அதற்கு வெளியே ஒன்றும் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு திரையோடு இருக்கும் நாங்கள் நான்கு பேரும், யாரும் சொல்லாமலே அந்த வட்டத்துக்குள் நெருங்கி உட்கார்ந்தோம். குளிர் ஒரு காரணம். வேறு இடத்தில் வெளிச்சம் இல்லை என்பது இன்னொரு காரணம். களியும் கீரைக் குழம்பும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. தட்டில் இருப்பது தெரியும் அளவுக்கு வெளிச்சம் போதுமாக இருந்தது. வெள்ளை எல்இடிக்கு மொய்க்கும் அளவுக்குப் பூச்சிகளும் வரவில்லை.

சாப்பிட்ட பிறகு மகள் கதைப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு நிமிடத்தில், "ஆயா, எழுத்தே சரியா தெரியல. நடுவுல கோடு மாதிரி நிழல் விழுது" என்றாள். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.)

"நீ குழாய்க்கு நேரா ஒக்காந்திருக்க. ரெண்டு பக்கக் குழாயும் ரெண்டு பக்கம் நிழல் போடும். அது என் எடம்" என்றார் அம்மா.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வீட்டில் இருந்தது அந்த ஒரு விளக்கு. மாமா எஸ்.எஸ்.எல்.சி., அம்மா எட்டாவது. மாமா வெளிச்சமான பக்கத்தில் உட்காருவார். சமையலறைக்கு இன்னொரு பக்கத்து வெளிச்சம் போக வேண்டும். மிச்சம் இருப்பது குழாயின் நிழல். அதில் புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்து, வரி வரியாக நகர்த்திப் படிப்பாராம். ஒன்பது மணி ஆனால், "எண்ணெ தீருது, பொண்ணு படிச்சது போதும்" என்று தாத்தாவின் குரல் வரும். மாமாவுக்கு மட்டும் பத்து மணி வரை எரியும். மறுநாள் சாயங்காலம் கரிபிடித்த கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது அம்மாவின் வேலை. சின்னக் கைதான் கண்ணாடிக்குள் நுழையுமாம். எட்டாவதோடு படிப்பு நின்றது. மாமா ஆசிரியரானார்.

"மாமா விளக்க கொஞ்சம் திருப்பி வெச்சிருக்கலாமேம்மா?" என்றேன்.

"அவனுக்குத் தோணல. எனக்கும் கேக்கத் தோணல" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அம்மா எட்டாவது வரைதான் படித்தவர் என்பது எனக்குத் தெரியும். குடும்பக் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கஷ்டத்துக்கு இப்படி ஒரு அளவு இருந்தது, ஒரு மணி நேர எண்ணெயாகவும் ஒரு விரல் அகல நிழலாகவும் இருந்தது என்பது எனக்குப் புதிது. அந்தக் காலத்தில் எல்லோரும் தெருவிளக்கிலும் அரிக்கேனிலும் படித்துத்தான் முன்னேறினார்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த வெளிச்சம் எட்டாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேடைக்கு வரவில்லை.

மகள் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டி விளக்கைக் கால்வாசி திருப்பினாள். நிழல் நகர்ந்து கணவரின் மடியில் விழுந்தது.

"எரியறத அப்படி அசைக்காத, எண்ணெ தளும்பும்" என்று அதட்டினார் அம்மா. பிறகு புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்றரைப் பக்கம் சத்தமாக வாசித்தார்.

ஒன்பதரைக்குத் திரியை இறக்கி அணைத்தோம். எண்ணெய் தீர்ந்ததால் அல்ல. அம்மாதான், "இப்ப அணை, மேல பாக்கலாம்" என்றார். கண் பழகப் பத்து, பதினைந்து நிமிடம் ஆனது. அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே செயல்படத் தொடங்கியது. ஊர் வெளிச்சம் தொடாத வானம் வேண்டும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். எங்களுக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. கார்த்திகை மீன்களை அம்மா உடனே காட்டிவிட்டார். சிவப்பாகத் தெரிந்த திருவாதிரையை மகள் செயலி இல்லாமல் கண்டுபிடித்தாள்.

படுக்கும்போது, குளிருக்கு இதமாக இருக்குமே, விளக்கைச் சின்னதாக ஏற்றி டெண்டுக்குள் வைக்கலாமா என்று மகள் கேட்டாள். கூடவே கூடாது. நைலான் துணி பற்றினால் வெளியே வர நேரம் இருக்காது. அதைவிட மோசமானது கார்பன் மோனாக்சைடு. மூடிய இடத்தில் எந்தச் சுடர் எரிந்தாலும் சேரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, தூங்குகிறவர்களை எழுப்பாது. விளக்கு கல்லின் மேலேயே வெளியில் இருந்தது. உள்ளே ஒரு சின்ன பேட்டரி டார்ச். பழசின் மேல் உள்ள ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு.

காலையில் நான் எழுந்தபோது அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். ஆறிய சாம்பலைச் சலித்து எடுத்து, பழைய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை இப்போது உள்ளே நுழையவில்லை. இரண்டு விரலில் துணியைச் சுற்றி, உள்ளே விட்டுத் திருப்பினார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்து, ஒரு புள்ளி கரி பாக்கி இருந்ததை மறுபடியும் துடைத்தார்.

நிலத்துக்காரரின் மனைவி, "மழை நாள்ல எங்களுக்குக் கரண்டு போனா வராது. வேண்டாம்னா விளக்கைக் குடுத்துட்டுப் போங்களேன், பெரியம்மா" என்றார்.

"கண்ணாடி ஒடஞ்சா வேற கெடைக்காதும்மா" என்றார் அம்மா. மிச்சமிருந்த எண்ணெயை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். தொட்டியைக் காலி செய்து, கண்ணாடியைத் தன் பழைய புடவைத் துண்டில் சுற்றினார். போளூர் இறங்கும் வரை கார் அத்தனை வளைவிலும் குலுங்கியது. அந்தப் பொட்டலம் அவர் மடியிலேயே இருந்தது.