பார்ப்பவருக்கு ஒரு வேலை

பாட்டுக்குப் படம் பிடிப்பது நமக்குப் புதிதல்ல. சினிமா இல்லாத பாட்டுக்குப் படம் பிடிப்பதுதான் இன்னும் கைவராத காரியம். சினிமாப் பாட்டுக்கு ஒரு கதாநாயகன் இருக்கிறான், கதை இருக்கிறது, போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கிறது. தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' பார்க்கக் கூடிய கூட்டம், அடுத்து யார் படத்துப் பாட்டு வரும் என்றுதான் பந்தயம் கட்டும். ஒரு பேண்டுக்கு இதில் எதுவும் கிடையாது. நாலைந்து பேர், வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபயர், சனிக்கிழமை நிகழ்ச்சிக்குத் தவறாமல் வந்து நிற்கிற கொஞ்சம் முகங்கள், அவ்வளவுதான் மூலதனம்.

என் தொழில் எடிட்டிங். பாட்டு வீடியோக்களில் எனக்கு வேலை வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று யாரும் யோசிக்காமல் எடுத்த காட்சிகளை வைத்துக்கொண்டு, யாரோ பார்க்கும்படி ஒட்டிக் கொடுப்பேன். சென்னையில் ஒரு பேண்டு மட்டும், படப்பிடிப்புக்கு முன்பே என்னைக் கூப்பிட்டது. சாலிகிராமத்தில் அவர்கள் ஒத்திகை பார்க்கும் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

பாட்டு, கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்களைப் பற்றியது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஷிஃப்ட் முடித்து வருகிற பையன்களும் பெண்களும்தான் அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்கு அதிகம் வருவார்கள். பாடகர் அதே சாலையில் வேலை பார்த்தவர்.

வீடியோவில் என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். டிரம்ஸ் வாசிக்கிறவருக்குக் கையும் குச்சியும் குளோசப்பில் வர வேண்டும். பாடகருக்குப் புதுச்சேரி கடற்கரையில் ஒரு காதல் கதை. கிட்டார்காரருக்கு முகமே தெரியாத கறுப்பு வெள்ளை. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துதரும் நண்பருக்கு ஒரே ஆசை: "எப்டியாவது வைரல் ஆகணும்ணா." பேஸ் வாசிக்கிற பெண் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. இவர்கள் எல்லோருமே ரசிகரை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த ரசிகர் வேறு யாரோ. டிரம்மர் நினைத்துக்கொண்டிருந்தது இன்னொரு டிரம்மரை. பாடகர் நினைத்தது, வீடியோவைப் பார்த்துவிட்டு வாய்ப்புக் கொடுக்கப்போகும் சினிமா இயக்குநரை. நண்பர் நினைத்தது உலகம் முழுவதையும். மழையில் நனைந்துகொண்டே இவர்கள் நிகழ்ச்சிக்கு வந்து முதல் வரிசையில் நின்றவர் அந்த அறையில் யார் நினைப்பிலும் இல்லை.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 'ஓகே கோ' குழுவின் வீடியோக்களை. 1998இல் சிகாகோவில் தொடங்கிய நால்வர் குழு. 2005இல் 'எ மில்லியன் வேஸ்' என்ற பாட்டுக்கு ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நான்கு பேரும் ஆடினார்கள். கேமரா அசையாது, வெட்டே கிடையாது. நடனம் அமைத்தவர் பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி ட்ரிஷ் சீ. அதில் ஆடுகிறவர்கள் தேர்ந்த நடனக்காரர்கள் இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். தெரிவதுதான் அதன் பலம். பார்த்தவர்களுக்கு நாமும் ஆடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆடினார்கள், படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். குழுவே அதற்கு ஒரு போட்டியும் வைத்தது. அடுத்த ஆண்டு 8 டிரெட்மில்களின் மேல் ஆடிய 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' வந்தது. அதுவும் ஒரே ஷாட். சிறந்த குறும் இசை வீடியோவுக்கான கிராமி விருது 2007இல் அதற்குக் கிடைத்தது.

எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுவது பின்னால் நடந்தது. அவர்களுடைய இசை நிறுவனமான ஈ.எம்.ஐ., ரசிகர்கள் அந்த வீடியோக்களைத் தங்கள் சொந்தப் பக்கங்களில் பதித்து வைத்துக்கொள்ள முடியாதபடி தடுத்தது. பார்ப்பவர்கள் யூடியூப்புக்கே வந்தால்தான் நிறுவனத்துக்குப் பணம். டிரெட்மில் வீடியோவை நாளொன்றுக்குச் சுமார் 10,000 முறை பார்த்துக்கொண்டிருந்தது, ஆயிரத்துச் சொச்சமாக விழுந்தது என்று 2010 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் குலாஷ் எழுதினார். மறு மாதமே குழு நிறுவனத்தை விட்டு விலகிச் சொந்தமாக 'பாராகடூட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. வீடியோவை ஊர் ஊராகச் சுமந்து சென்றவர்கள் ரசிகர்கள். அவர்கள் கையைத் தட்டிவிட்டதும் அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2011 நவம்பரில் வந்த 'கொலவெறி' ஒரு படத்தின் பாட்டுதான். ஆனால் மக்கள் முதலில் பார்த்தது படக் காட்சியை அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் சாவகாசமாகப் பாடிக்கொண்டிருந்ததை. பக்கத்து நாற்காலியில் நாமும் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஊரில், எத்தனை மொழியில், எத்தனை பேர் தங்கள் சொந்தக் கொலவெறியைப் பாடினார்கள்! இன்னொரு விதமான உதாரணம் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியில் உருவாகி 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தியபோது, கானா பாடகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கோட்டும் சூட்டும் போட்டு மேடையேறினார்கள். அந்த உடைக்கு விளக்கம் தேவைப்படாத ஒரு கூட்டம் எதிரே இருந்தது. அம்பேத்கரின் படத்தை வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பாட்டு தொடங்குமுன்பே புரிந்திருக்கும். 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவுகளிலிருந்து எழுதினார்; அந்தப் பாட்டியும் வீடியோவில் வருகிறார். அவரைப் பார்க்கையில் தன் வீட்டுப் பாட்டியை நினைத்துக்கொள்வது பார்ப்பவர் செய்கிற வேலை. வீடியோ அதற்கு இடம் விட்டிருக்கிறது.

அந்த மொட்டைமாடியில் இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. அவர்களுடைய பழைய நிகழ்ச்சி ஒன்றின் வீடியோவைத் திறந்து, எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். யாரோ கைபேசியில் எடுத்த ஆட்டம் காணும் வீடியோ. கோடு வழக்கம்போல ஆரம்பத்தில் உயரத்தில் இருந்து, போகப்போகச் சரிந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் மட்டும் மேடுபோல மேலே ஏறியிருந்தது. அங்கே திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அது பாட்டின் நடுவே நிறுத்தங்களின் பெயர் வரும் இடம். மத்திய கைலாஷ், டைடல் பார்க், எஸ்.ஆர்.பி. டூல்ஸ், கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று நடத்துனர் போலப் பாடகர் அடுக்கிக்கொண்டே போவார். அன்று மேடையில் மூச்சு வாங்கவோ என்னவோ, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருக்கிறார். ஆளாளுக்குத் தன் நிறுத்தத்தின் பெயரைக் கத்தியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையும் புரியாத அந்த இரைச்சலைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

பேஸ் வாசிக்கிற பெண் அப்போதுதான் பேசினார். "ண்ணா, நாம ரெக்கார்ட் பண்ணதுல அந்த இடம் முழுக்க இவனே பாடிட்டான்."

வீடியோவுக்கான திட்டம் அங்கிருந்து தொடங்கியது. நிறுத்தங்களின் பெயர் வரும் அந்த நான்கு தாளச் சுற்றில், அதாவது எட்டு விநாடிக்கு, வீடியோவில் மட்டும் குரலை எடுத்துவிடுவது. பாடகர் வாயை மூடிக்கொண்டு கேமராவை நேராகப் பார்ப்பது. தாளமும் பேஸும் மட்டும் ஓடுவது. கிட்டார்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆடியன்ஸ நெனச்சு எடுத்தா பாட்டு விளம்பரம் ஆயிடும்ணா. நமக்குத் தோணுறத எடுப்போம், பிடிக்கிறவன் பார்க்கட்டும்" என்றார். நியாயமான பயம்தான். ரசிகர் கேட்பதையே கொடுத்துக்கொண்டிருக்கிற குழு சீக்கிரமே தன் பழைய பாட்டைத் தானே நகலெடுக்கும் குழுவாகிவிடும். ஆனால் எட்டு விநாடி குரலை நிறுத்துங்கள் என்று எந்த ரசிகரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பாடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ரசிகரின் விருப்பத்துக்குத் தலையாட்டுவது ஒன்று, அவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பது வேறொன்று. விருப்பத்தைக் கேட்டால் எல்லோரும் ஏற்கெனவே பார்த்ததைத்தான் சொல்வார்கள். என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் அவர்களுக்கே தெரியாத ஒன்று கிடைக்கும்.

நண்பரின் கவலை வேறு. எட்டு விநாடி யாரும் பாடாவிட்டால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்களே? போகிறவர்கள் போகட்டும் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. பாட்டின் தலையில் நேரத்தைக் கடத்தும் ட்ரோன் காட்சி எதுவும் வைக்காமல், முதல் நொடியிலேயே தாளத்தோடு தொடங்கி அந்தக் கடனை ஈடுகட்டினோம்.

எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் திட்டத்தில் சேர்ந்தது. இந்தப் பாட்டின் ரசிகர் அதைப் பார்ப்பது பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைபேசியை நெடுக்காகப் பிடித்தபடி. குறுக்காக எடுத்த படத்தை நெடுக்காக வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மேடையில் நிற்பது போல வரிசையாக நின்றால் ஒன்றரை ஆள்தான் தேறுவார்கள். அதனால் ஒருவர் தோளுக்குப் பின் ஒருவராக, பஸ்ஸில் நிற்பது போலவே நெருக்கி நிறுத்தினோம். நிஜ பஸ் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பணம் இல்லை. பறக்கும் ரயில் நிலையம் ஒன்றைக் கேட்கலாம் என்றால் ரயில்வே அனுமதியும் கட்டணமும் எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில் ஒத்திகை அறையிலேயே மேலே ஒரு கம்பியைக் கட்டி, வெளியிலிருந்து விளக்கை நகர்த்தி எடுத்தோம். இரவுதோறும் பஸ்ஸில் பயணம் செய்கிறவருக்கு, முகத்தின் மேல் ஊர்ந்து போகிற அந்த வெளிச்சக் கீற்று ஒன்றே போதும். பஸ்ஸை அவர் போட்டுக்கொள்வார்.

ஒலியிலும் ஒரு சங்கடம் இருந்தது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. குரலை எடுத்துவிட்ட அந்த எட்டு விநாடியைத் தாங்கிப் பிடிப்பதோ பேஸ்தான். காதுக்கு எட்டாததைக் கண்ணுக்காவது காட்டுவோம் என்று, அந்த இடத்தில் தந்தியின் மேல் நடக்கும் விரல்களை முகத்துக்குச் சமமான அளவில் பக்கத்தில் வைத்தேன். விரலின் நடையைப் பார்த்தால், காது மீதியைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. டிரம்மர் கேட்ட குளோசப் அவருக்குக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்.

வீடியோ வெளிவந்து ஊரைக் கலக்கிவிடவில்லை. அதே பேண்டு போகிற போக்கில் பாடி ஏற்றிய ஒரு சினிமாப் பாட்டுக்கு வந்த பார்வைகளில் சிறு பங்குதான் இதற்கு வந்தது. ஆனால் பின்னர் மதுரையில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தார்கள். அந்த ஊரில் அவர்கள் அதுவரை பாடியதில்லை. அந்த இடம் வந்ததும், பாடகர் மைக்கைத் திருப்புவதற்கு முன்பே முன்வரிசையிலிருந்து பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று தங்கள் ஊர் நிறுத்தங்களைக் கத்த ஆரம்பித்துவிட்டார்களாம். டைடல் பார்க் என்றால் என்னவென்று கேட்கவும் ஆள் இல்லை. சென்னையின் ஒரு சாலைக்காக எழுதிய பாட்டு என்று தயங்கிக்கொண்டிருந்ததை, எல்லோருக்குமாக மாற்றி எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு சாலைக்காரர்களை உண்மையாகக் கவனித்து எடுத்ததால்தான் இன்னொரு ஊர்க்காரர்கள் தங்கள் சாலையை அதில் வைத்துக்கொள்ள முடிந்தது. எல்லோருக்கும் என்று எடுத்திருந்தால், புதுச்சேரி கடற்கரையில் ஒரு காதல் ஜோடி நடந்துகொண்டிருக்கும்; மதுரையில் யாருக்கும் கத்துவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது எந்தக் குழு வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்தாலும் லொகேஷன், பட்ஜெட், கேமராவைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறேன். உங்கள் பாட்டில் கேட்பவர் எந்த இடத்தில் உள்ளே வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்று கேட்கிறேன். கைதட்டுகிறாரா, கூடப் பாடுகிறாரா, தப்பாகப் பாடுகிறாரா, அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறாரா? பதில் தெரிந்த குழுவுக்குப் பாதி வீடியோ அங்கேயே தயார். தெரியாது என்கிறவர்களிடம், கேமராவுக்குக் கொடுக்க வைத்திருக்கும் முன்பணத்தில் சின்ன ஹால் ஒன்றை எடுத்து இன்னும் சில நிகழ்ச்சி நடத்தச் சொல்லி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். எனக்கு வர வேண்டிய வேலை அதனால் தள்ளிப்போகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதுவும் சரிதான்.