மலை கண்டுபிடித்த கோளாறு

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஊட்டி சாலையில் சென்றால், சற்று நேரத்தில் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள் வந்துவிடும். கல்லாறு. மலைப்பாதை தொடங்கும் இடம். அங்கே ஒரு டீக்கடை ஓரம் வந்து நின்றது அந்த வெள்ளை அம்பாசடர். நின்றது சக்கரம் மட்டும்தான். பானட் முதல் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் வரை எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன.

காரை ஓட்டி வந்தவர் கோவையில் மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வயது 71. கூடவே மனைவியும் மகளும். பெட்ரோல் வண்டி, 30 வருடங்களுக்கு மேலாக வீட்டில் ஒருத்தராக இருக்கிறது. ஒரு வருடமாகத்தான் இந்த ஆட்டம். ஓடும்போது தெரியாது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை உதறும். பிளக் மாற்றியாயிற்று, பாயின்ட் மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. கடைசியாகப் பார்த்த மெக்கானிக் ஐடிலிங்கைக் கொஞ்சம் கூட்டிவைத்து அனுப்பிவிட்டார்.

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம்ப்பா" என்று பெங்களூரில் இருக்கும் மகன் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆள் வருவதாகவும் ஏற்பாடு. அதற்கு முன் ஒரே ஒரு முறை ஊட்டி போய் வரலாம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் வாடகை வண்டி ஓட்டி ஓய்ந்தவர்.

"ஏனுங்க, ஐடிலிங் சரியில்லைங்களே?"

"ஒரு வருஷமா இப்படித்தானுங்க."

"அப்ப இங்க எதையும் திருகாதீங்க. போற வழியில அங்கங்க நிறுத்திக் கேளுங்க. ஆட்டம் கூடுதா, குறையுதா, அப்படியேதான் இருக்குதான்னு பாருங்க. மலையே சொல்லிப்போடும்."

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். சாலையில் சுமார் 50 கி.மீ. போவதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இன்றைய கார்களில் சென்சார் அதை உணர்ந்து பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. உள்ளே வரும் காற்று குறைந்தாலும், பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்கத் தெரியாது. அதனால் மேலே போகப் போகக் கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும்.

கீழே ஒழுங்காக இருந்த வண்டி மேலே போனதும் தடுமாறிக் கரும்புகை விட்டால், பெட்ரோல் அதிகம். கீழே குலுங்கியது மேலே போகப் போகத் தணிந்தால், கீழே பெட்ரோலுக்குக் காற்று அதிகமாக இருந்திருக்கிறது; எங்கோ ஓட்டை வழியாகக் காற்று நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். எங்கே போனாலும் ஒரே மாதிரி ஆட்டம் என்றால் பிளக், ஒயர், வால்வு என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு இது விளையாட்டாகப் பட்டது. எவர்சில்வர் டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, ஓடும் என்ஜினுக்கு மேலே பானட்டில் வைத்தார். கல்லாற்றில் தண்ணீர் விளிம்பு தாண்டித் தெறித்தது.

பர்லியாறு முதல் குன்னூர் வரை

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. மரங்களின் இடைவெளியில் மலை ரயிலின் தண்டவாளம் எட்டிப் பார்க்கும். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான ரயில் அது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது.

பர்லியாற்றில் அரசு பழப்பண்ணை இருக்கிறது. சீசனில் சாலையோரம் மங்குஸ்தான் விற்பார்கள். பழம் வாங்க நிறுத்தியவர்களுக்கு ஒரு சோதனை: கார் மறுபடி கிளம்பவில்லை. ஏறி வந்த சூட்டில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. அப்பாவுக்கு இது பழக்கம்தான். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப்பின் மேல் போட்டார். பழம் தின்று முடிப்பதற்குள் வண்டி உறுமியது. டம்ளரில் தண்ணீர் குலுங்கியது, ஆனால் தெறிக்கவில்லை.

குன்னூரில் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. டம்ளரில் இப்போது சின்னச் சின்ன வளையங்கள் மட்டும்.

"அப்பா, குறைஞ்சிருக்கு!"

"ஆமா கண்ணு" என்றபடி அவர் வலது முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். அதை அம்மா பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

கேத்தி பள்ளத்தாக்கின் வீடுகளை வேடிக்கை பார்த்தபடி ஊட்டி வந்து சேர்ந்தபோது, இழுவை குறைந்திருந்தது. ஆட்டமோ பாதிக்கு மேல் அடங்கியிருந்தது.

ஒரு முழக் குழாய்

காந்தல் போகும் வழியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மகள் டம்ளர் கதையைச் சொன்னதும் அங்கிருந்த மெக்கானிக் சிரித்தார். "கீழ ஆடி மேல அடங்குதுன்னா, காத்துதாங்க. எங்கயோ திருட்டுத்தனமா உள்ள போகுது."

என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக பிளேயரால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைப் பிடித்த நொடியில் மிச்ச ஆட்டமும் நின்றது. கையை எடுத்தார், ஆடியது. கிளாம்ப்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ரப்பர் வெடித்திருந்தது.

மெக்கானிக்கின் முகம் மாறியது. "பிரேக் மிதி கட்டியா இருந்துச்சுங்களா, ஐயா?"

பூஸ்டர் வேலை செய்வது என்ஜின் காற்றை உறிஞ்சும் சக்தியில்தான். ஹோஸ் வெடித்தால் அந்த உதவி குறையும். முழுப் பலத்தையும் கால்தான் கொடுக்க வேண்டும். மேலே காற்றழுத்தமே குறைவு என்பதால், நல்ல பூஸ்டருக்கும் இங்கே பலம் கொஞ்சம் கம்மிதான்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆறு மாசமா இருக்குங்க. எனக்குத்தான் முட்டியில பலம் போயிடுச்சுன்னு நெனச்சேன். சொன்னா சாவியை வாங்கி வெச்சுக்குவாங்களோன்னு..."

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த பிரேக்கோடு இறங்கியிருந்தால் என்ற நினைப்பு மூன்று பேருக்குமே வந்தது; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புது ஹோஸ், இரண்டு கிளாம்ப். மதியச் சாப்பாட்டுக்கு ஆன செலவை விடக் குறைவு. "டியூனிங்கும் பண்ணிடுங்களேன்" என்றார் அப்பா. மெக்கானிக் மறுத்துவிட்டார். "இங்க காத்துக்குச் சரியா வெச்சா, கீழ போனதும் பெட்ரோல் பத்தாம என்ஜின் சூடாகும். கோயம்புத்தூர்ல போய் வெச்சுக்குங்க. வேக்குவம் மீட்டர்கூட அப்படித்தான். அங்க 18 காட்டுற நல்ல என்ஜின் இங்க 12-தான் காட்டும். அதப் பார்த்துட்டு வால்வு போச்சுன்னு கழட்டினவங்களும் உண்டு."

மறுநாள் ஊட்டி வர்க்கியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு கோத்தகிரி வழியாக இறங்கினார்கள். புறப்படும்போது அப்பாவே சாவியை மகளிடம் நீட்டினார். மகள் ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார்: "ரெண்டாவது கியர்லயே வா கண்ணு. பிரேக்கை மிதிச்சுட்டே இருக்காத. என்ஜினை அணைச்சுடாத, நியூட்ரல் போடாத. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு."

மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திப் பானட் மேல் டம்ளரை வைத்தார்கள். தண்ணீர் லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான்.

மகள் போனை எடுத்தார். "அண்ணா, திங்கக்கிழமை அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடு. இன்னொண்ணு... அப்பா முட்டிக்கு ஒண்ணும் இல்ல."