பேசுகிறவர்கள் என்றொரு பெயர்

கற்பனையில் ஓர் இனத்தைப் படைக்கிறவர் அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிடுகிறார். அவ்வினத்தார் தம்மை என்னவென்று அழைத்துக்கொண்டனர், ஏன் அழைத்துக்கொண்டனர் என்பதுவரை சிந்திப்போர் சிலரே. அச்சிலருள் ஜே. ஆர். ஆர். டோல்கீனை (1892–1973) நாம் முதலில் வைப்போம். பழைய ஆங்கிலம் கற்பித்த மொழியறிஞர் அவர். தம் மொழிகளுக்கு ஓர் உலகம் வேண்டுமென்றே கதைகள் பிறந்தன என்று சொன்னவர்.

அவருடைய எல்ஃப்கள் விண்மீன்களின் கீழ் ஒரு நீர்நிலையின் கரையில் கண்விழிக்கிறார்கள். பேசவோ பாடவோ வல்ல வேறு உயிரை அவர்கள் கண்டதில்லை. ஆகவே தம்மைக் ‘குவெண்டி’ என்கிறார்கள்: குரல்கொண்டு பேசுகிறவர்கள். பேசுதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லோடு உறவுடைய பெயர் இது.

பின்னர் தெய்வநிலையினரான ஒரோமே அவர்களைக் கண்டு, ‘எல்டார்’, அதாவது விண்மீன்களின் மக்கள், என்று பெயரிடுகிறார். மேற்கே வருமாறு அழைப்பும் வருகிறது. புறப்பட்டவர்களுக்கே புதுப்பெயர் நிலைத்தது. தங்கிவிட்டவர்களை அவர்கள் ‘அவரி’ என்றனர்: மறுத்தவர்கள்.

1959–60 அளவில் எழுதப்பெற்று 1994இல் அச்சேறிய ‘குவெண்டியும் எல்டாரும்’ என்ற நீண்ட கட்டுரையில் டோல்கீன் இப்பெயர்களின் பின்கதையை ஆராய்கிறார். சென்றவர்களிடையே ‘குவெண்டி’ அன்றாட வழக்கொழிந்து, கற்றோர் மட்டும் ஆளும் சொல்லாயிற்று. தங்கியவர்களோ அதை விடவில்லை. சென்றவர்களே தம்மைக் கைவிட்டுப் போனவர்கள் என்பது அவர்களின் எண்ணம். பல மொழிகளாகச் சிதறியபின்னும் கிண்டி, குயிண்ட், ஹ்வெந்தி, விண்டன், கின்லை, பென்னி என்று அதே பெயர் ஆறு வடிவங்களில் வாழ்ந்தது. முதலெழுத்தின் ஒலி ஓரிடத்தில் ககரமாகவும், ஓரிடத்தில் வகரமாகவும், மற்றோரிடத்தில் பகரமாகவும் திரிந்திருப்பதைக் காண்கையில், உண்மையான மொழிக்குடும்பம் ஒன்றின் அட்டவணையைப் படிப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ பெரும்பாலும் சென்றவர்களின் வரலாறு. அவர்களின் மொழிகளுக்கு இலக்கணமும் பாடல்களும் உண்டு. தங்கியவர்களின் மொழிகளிலிருந்து டோல்கீன் நமக்கு விட்டுச்சென்றவை மேற்கண்ட ஆறு சொற்களே. ஆறும் ஒரே சொல். அதன் பொருள், பேசுகிறவர்கள்.